நாற்பத்து மூன்றாம் படிவம்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலை மேனேஜருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் 'கதவு'. காலை ஒன்பதுக்குச் சாத்தினால் மாலைதான் திறப்பார். அந்த அறைக்குள் நுழைய ஒரு கொசு மனுப்போட்டு மூன்று மாதமாகக் காத்திருக்கிறது என்று பேச்சு. அப்பேர்ப்பட்ட கதவு அன்று மதியம் மூன்றேகாலுக்கு அகலத் திறந்து, வருகைப் பதிவேடு பார்க்கும் அக்காவை உள்ளே அழைத்தது.

அக்கா மனிதவளத்தில் எம்பிஏ படிக்கிறாள். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன நிறம் என்றே அவளுக்குத் தெரியாது. வகுப்பு, வகுப்பு முடிந்தால் துணி, துணி முடிந்தால் புத்தகம். புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கியே பாதிப் பாடம் உள்ளே இறங்கிவிட்டது என்பது அவள் புருஷனின் கட்சி. "உன் ரேங்க் கார்டுல நான்தான் கையெழுத்துப் போடுவேன்" என்று மகள் இப்போதே பேனாவைத் தீட்டி வைத்திருந்தாள். அதற்கு முன்னால் இன்னொரு கையெழுத்து வேண்டும்: 'இந்த ஆய்வு எங்கள் நிறுவனத்தில்தான் நடந்தது' என்று மேனேஜர் போட வேண்டியது. ஐந்து மணிக்குக் கல்லூரி அலுவலகம் பூட்டிவிடும். அதற்குள் அறிக்கை போய்ச் சேராவிட்டால் இனி அடுத்த வருடம்தான்.

ஆய்வு, 'ஆட்கள் ஏன் வேலையை விடுகிறார்கள்' என்பது பற்றி. நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கேள்விப் படிவம் கொடுத்தாள். "பேர் எழுத வேண்டாம், யார் எழுதினதுன்னு எனக்கே தெரியாது" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். ஆனால் வருகைப் பதிவேடு எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? திருப்பித் தராதவர்களைத் துரத்திப் பிடிக்க, ஒவ்வொரு படிவத்தின் மூலையிலும் பென்சிலால் கடுகளவு எண் போட்டாள். எந்த எண் யாருக்கு என்று டைரியில் பட்டியலும் வைத்தாள். அதோடாவது விட்டாளா? 'பதிலாளர் 43 கூறுவதாவது' என்று அறிக்கையிலேயே அச்சடித்துவிட்டாள்.

அந்தப் பக்கத்தில்தான் மேனேஜரின் விரல் ஊன்றியிருந்தது.

"யாரும்மா இந்த நாப்பத்திமூணு?"

"சார், அது..."

"'உள்ளேயிருந்து வரும் குறட்டையில் வெளியே நிற்கிறவனுக்கும் தூக்கம் வருகிறது.' நான் குறட்டை விடுறேனா?"

"பொதுவாச் சொன்னது சார்."

"பொதுவா எப்படிம்மா குறட்டை விட முடியும்?"

அவர் தங்க மூடி போட்ட பேனாவை எடுத்து மேசைமேல் உருட்டினார்.

"நம்பர் போட்டிருக்கேன்னா பேரும் வச்சிருப்பே. படிவக் கட்டு உன் பையில இருக்கு, பேனா என் கையில இருக்கு. நீ அதைத் திற, நான் இதைத் திறக்கிறேன்."

நாற்பத்து மூன்று, சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவர். பானை பானையான கையெழுத்து. மகளுக்குக் காய்ச்சல் என்று விடுப்புக் கேட்டு மூன்று மணி நேரம் இந்தக் கதவுக்கு வெளியே நின்றதையும் எழுதியிருந்தார். அறிக்கையில் காய்ச்சலை அவள் விட்டுவிட்டாள், படிவத்தில் இருக்கிறது. அது மேனேஜர் கண்ணில் பட்டால் நாளைக் காலை அந்த மனிதருக்கு வேலை இல்லை.

கடிகாரம் மூன்றரை. பஸ் நாற்பது நிமிடம். பையில் போன் அதிர்ந்தது, புருஷன். எடுக்கவில்லை. 'இரகசியம் காத்தல்' பாடத்தில் வகுப்பிலேயே அவள்தான் முதல் மதிப்பெண். அந்த மதிப்பெண் இப்போது பைக்குள்ளிருந்து அவளைப் பார்த்துக் கெக்கலி கொட்டியது.

மூன்று முப்பத்தைந்து. பைக்குள் கைவிட்டாள். கட்டு வெளியே வந்தது. மேனேஜரின் கை மேசையைத் தாண்டி, ஒரு முழம் கூடுதலாகவே வளர்ந்து நீண்டது.

கட்டின் மேலே இருந்தது ஒன்றாம் எண். அவள் கை அப்படியே நின்றது. ஆய்வைத் துவக்கி வைக்கிறேன் பேர்வழி என்று, எல்லாரும் கைதட்ட, இதே தங்கப் பேனாவால் முதல் படிவத்தை நிரப்பியவர் யார்?

"சார், ஒண்ணுலேருந்து வரிசையாத் தரட்டுமா?"

"எதுலேருந்து தந்தா என்ன?"

"ஒண்ணு நீங்க சார்."

நீண்டிருந்த கை ஒரு முழம் சுருங்கித் திரும்பியது.

"நான் என்ன எழுதினேன்?" குரல் பாதாளத்திலிருந்து வந்தது.

"நான் சொல்ல மாட்டேன் சார். சத்தியம் பண்ணிருக்கேன்."

அவருக்கே நினைவு வந்தது. 'தலைமை ஆபீஸ் இயக்குநருக்கு ஆளைப் பிடிக்கவும் தெரியாது, வைத்துக்கொள்ளவும் தெரியாது. மீட்டிங் போட மட்டும் தெரியும்' என்று எழுதித் தொலைத்திருந்தார்.

"தலைமை ஆபீஸும் கட்டைக் கேட்டிருக்காங்க சார். தர முடியாதுன்னு சொல்லிட்டேன். இப்ப உங்களுக்குக் குடுத்துட்டு, அப்புறம் அவங்ககிட்ட எந்த வாயால முடியாதுன்னு சொல்றது?"

மேனேஜர் பேனாவைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"ரப்பர் இருக்கா?"

இரண்டு ரப்பர் கிடைத்தன. அவர் முதல் படிவத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டார். அந்த ஒற்றை எண்ணை அவர் தேய்த்த தேய்ப்பில் தாள் கிழிந்து, மேசை விரிப்பும் வெளுத்தது. அதற்குள் அவள் மற்ற நூற்றுப் பதினொன்றையும் அழித்துவிட்டாள். நாற்பத்து மூன்றை எப்போது அழித்தாள் என்று அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டைரிப் பட்டியல் காகிதம் கிழிக்கும் இயந்திரத்துக்குள் போனது. அறிக்கையில் இருந்த '43' ஒரே கோட்டில் அடிபட்டு, 'ஒரு பதிலாளர்' ஆனது. திருத்தத்துக்கு ஒரு சுருக்கொப்பம், கடைசிப் பக்கத்தில் முழுக் கையெழுத்து. பேனாவை மூடும்போது, "குறட்டை நிஜமாவே வெளிய கேக்குதாம்மா?" என்றார்.

"ஆய்வுல அப்படித்தான் வருது சார்."

நான்கு மணி எட்டு நிமிடம். அறிக்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். வாசல் வழியை மறித்து நின்றது ஃபோர்க்லிஃப்ட்.

"அக்கா, கதவு கூப்பிட்டாராமே? யார் எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியாதுன்னுதானே சொன்னீங்க?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. ஆனால் முடியவில்லை.

"சொன்னப்போ தெரிஞ்சுது. இப்ப அழிச்சாச்சு, இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது."

அவர் அவளையே பார்த்தார். சிரிக்கவில்லை. வாசலுக்கு வெளியே பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு முறை மூச்சு வாங்கினாள். பிறகு, பீப் பீப் என்று பின்னால் நகர்ந்து, அவர் வழி விட்டார்.