வெளியிலிருந்தும் திறக்கும் இணைப்பு

போர் முடிந்த அந்த வருடம் எனக்குக் கோபப்படவும் அலுப்பாக இருந்தது. ஏறாவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, பல்கலைக்கழக நூலகத்தில் இணையக் கட்டுரைகளுக்குப் பொறுப்பாக இருந்தேன். விரிவுரையாளர்கள் தங்கள் அறையில் ஒரு கட்டுரையைத் திறப்பார்கள். மேலே தெரியும் முகவரியை அப்படியே பிரதி செய்து மாணவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். வளாகத்துக்குள் அது திறக்கும், வெளியே போனால் திறக்காது. கட்டுரையின் நிரந்தர முகவரியை எடுத்து, அதற்கு முன்னால் நூலகத்தின் நுழைவு முகவரியைச் சேர்த்தால்தான் வெளியிலிருக்கும் பிள்ளைக்கும் திறக்கும். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

அன்று கேதீஸ்வரி வந்தாள். மாங்கேணி என்ற கடலோர ஊர்ப் பிள்ளை. சுனாமியில் வீட்டோடு புத்தகங்களும் போயின. பிறகு சண்டையில் இடம்பெயர்ந்து பரீட்சையும் பிந்தியது. அப்படியும் விடாமல் படித்துப் பல்கலைக்கழகத்துக்குள் வந்தவள், எடுத்த நூல்களையெல்லாம் என் மேசையில் அடுக்கினாள்.

"மிஸ், எல்லாம் சரியா எண்டு பாத்திட்டுக் கையெழுத்து வெச்சுத் தாங்க. நான் படிப்ப நிப்பாட்டப் போறன்."

"என்ன விசர்க்கதை புள்ள? ஏன்?"

மறுநாள் விரிவுரையாளர் வினாயகமூர்த்தி சேரிடம் கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கொடுக்காதவர்கள் பரீட்சை எழுத முடியாதாம். அதற்காக அவர் வாசிக்கத் தந்த இணையக் கட்டுரை அவளுக்கு மட்டும் திறக்கவில்லை. மற்றவர்கள் விடுதியில் இருப்பவர்கள், வளாகத்திலேயே வாசித்துவிட்டார்கள். இவள் ஊரிலிருந்து பஸ் ஏறி வாழைச்சேனை இன்டர்நெட் கடைக்குப் போயிருக்கிறாள்.

"'உங்களுக்கு அனுமதி இல்லை' எண்டு இங்கிலீஷில வந்திச்சி மிஸ். கடைக்காரர் பயந்துபோய் மூடச் சொல்லிட்டார்."

"இஞ்ச வந்து பாத்திருக்கலாமே?"

"இஞ்சயும் அப்பிடி வந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிருமே. எங்கட ஊர்ப் பேராலதான் தடுத்து வெச்சிருக்காங்க எண்டு நினைச்சன். சோதனைச் சாவடியில ஏன் எண்டு கேக்கப் போய்த்தானே அண்ணன ஏத்திட்டுப் போனாங்க."

சோதனைச் சாவடியில் கேட்டுப் பழகிய சொல் கணினியிலும் வந்தால், அந்தப் பிள்ளை வேறு என்னதான் நினைக்கும்? அலுப்பெல்லாம் எங்கே போனதோ, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து சேரின் அறைக்குப் போனேன்.

"எனக்குத் திறக்குதே, ஸகியா," என்று வினாயகமூர்த்தி சேர் தன் திரையைக் காட்டினார்.

"உங்களுக்குத் திறக்கும் சேர், நீங்க உள்ளுக்க இருக்கீங்க. அந்தப் புள்ளைக்கு அனுமதி இல்ல எண்டு சொல்லியிருக்கி. அவ படிப்பையே விடப் பாக்கா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவவுக்குத் திங்கள் வரைக்கும் நேரம் குடுக்கிறன். இணைப்ப நீங்களே செஞ்சு தாங்க," என்றார். கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் அவரோடு சண்டை பிடிப்பதும் அலுப்பு.

இணைப்பைச் செய்து முடித்தேன். உள்ளே சோதித்துப் பயனில்லை, உள்ளே எல்லாமே திறக்கும். எப்போதும் போல பல்கலைக்கழக வாசலுக்கு எதிரிலிருந்த இன்டர்நெட் கடைக்குப் போனேன், கேதீஸ்வரியையும் கூட்டிக்கொண்டு. இணைப்பை அழுத்தினாள். கட்டுரை வரவில்லை. பெயரும் மாணவர் இலக்கமும் கேட்டு ஒரு பக்கம் வந்தது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"பேரக் குடுத்தா எங்க போகும் மிஸ்?"

"நம்மட நூலகத்துக்குத்தான் வரும் மகள். வேற எங்கயும் போகாது."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. அவள் அண்ணனுக்கும் யாரோ ஒருவர் ஒன்றும் ஆகாது என்றுதான் சொல்லியிருப்பார். கடைசியில் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைத் தட்டினாள்.

கட்டுரை திறந்தது. அவள் அதை வாசிக்கவில்லை. திரையின் மூலையில் இருந்த தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரக் கேட்டுப்போட்டு உள்ளுக்க விட்டிருக்கு மிஸ்," என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.