குறுக்கு பெல்ட்

“அந்தக் கையால அத தொடாத,” என்றாள் மாமியார்.

மூத்த மருமகள் நூல் சுற்றும் கதிரிலிருந்து கையை எடுத்தாள். ஆறு வருடமாகப் பின்னறையில் நூல் முறுக்கும் மெஷினை ஓட்டியது அந்தக் கைதான். புருஷன் செத்த மறுவாரமும் அதுதான் ஓட்டியது. அப்போது யாருக்கும் உறுத்தவில்லை. இப்போது ஏற்றியிருப்பது கொழுந்தனின் கல்யாணத் துணிக்கான நூல். தாலியறுத்தவள் கை படக் கூடாதாம்.

அவளைக் கொல்லையில் நூல் சிட்டங்களைச் சிக்கெடுத்துப் பிரிக்க உட்கார வைத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் மெஷின் கொழுந்தனுக்கு, கொல்லை அவளுக்கு என்று பேச்சோடு பேச்சாக முடிவாகிவிட்டது.

மெஷினில் உட்கார்ந்ததும் கொழுந்தன் கண்ணில் பெல்ட் பட்டது. சக்கரத்திலிருந்து கதிருக்கு எட்டுப் போட்டதுபோல் குறுக்கே ஓடியது. பொம்பளை மாட்டினால் இப்படித்தான் என்று சிரித்துக்கொண்டே கழற்றி நேராக மாட்டினான்.

மில்லிலிருந்து வரும் ஒற்றை இழை வலப்பக்கம் முறுக்கேறியது. இரண்டைச் சேர்த்து இடப்பக்கம் முறுக்கினால்தான் ஒன்றையொன்று விடாமல் பிடிக்கும். கதிர் எதிர்ப்பக்கம் சுழலத்தான் பெல்ட் குறுக்கே ஓடியது. அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் கொல்லையில் சிட்டத்தைப் பிரித்தபடி இருந்தாள்.

சாயங்காலத்துக்குள் நூல் சுருண்டு சுருண்டு எழும்பி, தொட்ட இடமெல்லாம் அறுந்தது. வயிற்றெரிச்சலில் கண் வைத்துவிட்டாள் என்று தெருவுக்கே கேட்கும்படி மாமியார் ஏசினாள்.

மறுநாள் பெண் வீட்டார் வந்து பார்த்ததும் நூல் தறிக்குப் போக வேண்டும். காலையில் மாமியார் கொல்லைக்கு வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

“உள்ள போய் ஓட்டு. கதவச் சாத்திக்க. அவன் ஓட்டினதா இருக்கட்டும்.”

“நேத்து இந்தக் கை ஆகாதுன்னீங்களே, அத்தை?”

“யாரு பாக்கப் போறா?”

மருமகள் எழுந்தாள். அவள் விட்ட இடத்தில், சிட்டங்களுக்கு நடுவே, கொழுந்தன் வந்து ஒளிந்து உட்கார்ந்தான்.

அவள் கதவைச் சாத்தி, பெல்ட்டைக் கழற்றிக் குறுக்கே மாட்டினாள். மெஷின் ஓடியது. நூல் கம்பிபோல் வந்தது. முன்னறையில் சம்பந்தியம்மா மாப்பிள்ளையைக் கொஞ்சம் கூப்பிடச் சொல்வது கேட்டது.

“வேலையில உக்காந்தா எந்திரிக்க மாட்டான். அவன் கைராசி அப்படி,” என்றாள் மாமியார்.

மருமகள் மெஷினை நிறுத்தவில்லை. எட்டித் தாழ்ப்பாளை நீக்கிக் கதவை அகலத் திறந்தாள். சம்பந்தியம்மாவின் கைத் தம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

“அத்தை, நூல் சரியா வருது. கொல்லையில குந்தியிருக்கிற கொழுந்தனார வரச் சொல்லுங்க. பெல்ட்ட எப்படி மாட்டணும்னு காட்டுறேன்.”

மாமியார் ஓடி வந்து கதவை இழுத்தாள். அசையவில்லை. நேற்று வீணாய்ப்போன நூலையெல்லாம் உருட்டி, மருமகள் கதவின் அடியில் திணித்திருந்தாள்.