முதல் கொள்ளி

கனகம்மா வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள். மருமகள் யோகமலர் மண்வெட்டியோடு நின்றாள்.

“எங்க வெளிக்கிட்டாய்?”

“காட்டுக்கு மாமி. இண்டைக்குக் கன்று நடுகினம்.”

“தண்ணி சுமக்கத்தானே கூப்பிட்டவை? மண்வெட்டி என்னத்துக்கு?”

யோகமலர் மண்வெட்டியை மற்றக் கைக்கு மாற்றினாள்.

“தாலி கழட்டின கை, புள்ள. ஊண்டினா முளைக்காதெண்டு ஊர் சொல்லும். உன்ர மாமா போன நாள்ல இருந்து நான் ஒரு பூசணி விதையும் ஊண்டினதில்ல.”

யோகமலர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குடத்தை எடுத்தாள். கனகம்மா காலை மடக்கி வழிவிட்டாள்.

வெருகல் ஊருக்கு மேற்கே காடு இருந்த இடத்தில் கரிதான் இருந்தது. சென்ற ஆவணியில் ஊரவர் காட்டை எரித்துப் பயிரிடும் சேனைக்கு வைத்த நெருப்பு எல்லை தாண்டியது. பச்சைக் கொப்புகளால் அடித்து அணைக்கப் போனவர்களில் கனகம்மாவின் மகன் கதிராமன் மட்டும் திரும்பவில்லை. அவன் விழுந்த இடத்தில் எரிந்த பாலை மரத்தின் அடிக்கட்டை நின்றது. அங்கே தன் கையால் ஒரு கன்று வைக்க வேண்டும். அவன் மனைவி யோகமலருக்கு இப்போது அந்த ஒரு விருப்பம்தான் மிச்சம்.

வன இலாகாவின் நாற்றுமேடையில் கோடை முழுவதும் நீர் ஊற்றியவள் அவள். நீர் ஊற்றும் கைக்கு யாரும் ராசி பார்க்கவில்லை.

முதல் கன்றை ஊரின் பெரிய நிலக்காரர் வேலாப்போடி நட்டார். ஊரில் எதையும் தொடங்கிவைப்பது அவரது கைதான். நடுகையை மேற்பார்க்க வந்த ஓவசியர் ஞானசேகரமும் அந்த வழமைக்கு மறுப்புச் சொல்லவில்லை.

“போடியார் தொட்டா மண்வெட்டிப் பிடியும் துளிர்க்கும்!” என்றான் கன்று நட வந்த ஆனந்தராசா. எல்லோரும் சிரித்தார்கள்.

மதியத்தில் பாலைக் கட்டையடிக்கு வந்தார்கள். குழி தயாராக இருந்தது. யோகமலர் குடத்தை இறக்கிவிட்டுக் கூடையிலிருந்து ஒரு கன்றை எடுத்தாள்.

“இங்க தா, புள்ள.” வேலாப்போடியின் கை நீண்டது.

“சேனைக்கு முதல் கொள்ளியையும் இந்தக் கையிலதானே குடுத்தவை, போடியார்?”

அவள் குரலை உயர்த்தவில்லை. நீட்டிய கை சற்று நேரம் அப்படியே நின்றது. அவள் குந்தியிருந்து கன்றை வைத்து மண்ணை அணைத்தாள்.

“சரி, வேலையைப் பாருங்கோ,” என்றார் ஞானசேகரம், யாரையும் பார்க்காமல்.

மறுநாள் காலையில் அந்தக் கன்று மட்டும் பிடுங்கப்பட்டுச் சாம்பலில் கிடந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. வேரில் இன்னும் ஈரம் இருந்தது. திரும்ப நட்டாள். அடுத்த நாளும் பிடுங்கியிருந்தார்கள். அன்றும் நட்டாள்.

அதற்கடுத்த காலையில் அவள் மண்வெட்டியை எடுத்தபோது வாசற்படியில் யாரும் இல்லை. கனகம்மா முற்றத்தில் குடத்தோடு நின்றாள். இருவரும் காட்டுக்கு நடந்தார்கள்.

கன்று மறுபடியும் வெளியே கிடந்தது. கனகம்மா அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு குந்தினாள். கன்றைக் குழியில் நிறுத்தி, இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளினாள்.

“எவ்வளவு அமத்தவேணும், புள்ள?” என்று கேட்டாள்.