பழுது எந்தப் பக்கம் போகிறது

கப்பல்காரர் அந்த ஆம்ப்ளிஃபயரை மறுபடியும் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் வைத்தார். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளி முகமும், பாட்டுக்குத் தகுந்தாற்போல் முள் ஆடுகிற இரண்டு கண்ணாடி மீட்டர்களும் உள்ள அந்தப் பெட்டி எங்கள் கல்யாணத்தைவிடப் பழையது. கனத்தில் ஒரு வளர்ந்த ஆட்டுக்குச் சமம். படியேறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, சொம்பைப் பார்த்தபடியே பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இடது பக்க ஸ்பீக்கர் இன்னும் கத்துது."

"போன தடவையே சரி பண்ணித்தானே குடுத்தேன்?" என்றார் என் கணவர்.

"பண்ணீங்க. வீட்ல போட்டா கத்துது. நானும் ஸ்பீக்கரை மாத்தி வச்சு, திருப்பி வச்சு எல்லாம் பார்த்துட்டேன்."

அவர் படியிறங்கிப் போனதும் என் கணவர் கதவைச் சாத்தினார். "பெரிய இன்ஜினியர். கப்பல் சத்தத்துலயே இருந்தவருக்குக் காது எங்க இருந்து மிஞ்சியிருக்கும்?" என்றார்.

பழைய ஆடியோ செட் சேர்க்கிறவர்கள் தனி ரகம். வீட்டில் நாற்காலிக் கால் ஆடினால் வருஷக்கணக்கில் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்து ஓட்டுவார்கள். இசைத்தட்டு சுழற்றும் ரப்பர் பெல்ட் கொஞ்சம் தளர்ந்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. அந்தக் கூட்டத்தில் என் கணவருக்குப் பெயர் 'காது'. "காதுகிட்ட காட்டிட்டீங்களா?" "காது என்ன சொன்னார்?" என்றுதான் பேசிக்கொள்வார்கள். மற்ற மெக்கானிக்குகள் அளவெடுத்துப் பார்த்து முடிக்கிற இடத்தில் இவர் வேலையைத் தொடங்குவார். மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, பின்னறை நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தட்டைப் போட்டு, உள்ளே இருக்கும் சின்னத் திருகுகளை முடியளவு திருப்பித் திருப்பிக் கேட்பார். "மீட்டர் கரண்டைத்தான் கேக்கும், பாட்டைக் கேக்காது" என்பது அவர் வாய்ப்பாடு. அதைக் கேட்கிறவர்கள் பக்திமான்கள் மாதிரி தலையாட்டுவார்கள். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பாடாக இருக்கும்.

ஆனால் இந்தச் சில மாதங்களாகப் பெட்டிகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. கப்பல்காரருக்கு முன்னால் பல் டாக்டர் ஒருவர். அதற்கு முன்னால், அச்சகம் வைத்திருப்பவர். எல்லாருக்கும் ஒரே புகார், இடது பக்கம் சத்தம் கூடுதல். அச்சகக்காரர் வேறு ஆளிடம் போய்விட்டார் என்று கேள்வி. இந்த உலகம் சின்னது. இன்னும் ஒருவர் போனால் எல்லாரும் போவார்கள். காதுக்குக் காது போய்விட்டது என்று யாராவது வேடிக்கையாகச் சொன்னால்கூடப் போதும், அவர் செத்துப்போவார். காசு குறைந்தால் என் சம்பளத்தில் சமாளிக்கலாம். அந்தப் பின்னறையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற அவரை என்னால் கற்பனை செய்யக்கூட முடியவில்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். 'இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா' என்று நாள் முழுக்கக் கேட்பது என் பிழைப்பு. பலகை எழுத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறவர்கள், ஒரு கண்ணை மூடச் சொன்னால் விரலிடுக்கில் பார்க்கிறவர்கள், எல்லாரையும் பார்த்திருக்கிறேன். ஏமாற்றவேண்டும் என்று செய்வதில்லை. தோற்க மனசு வராது. இவ்வளவும் தெரிந்த எனக்கு, என் வீட்டில் நடப்பது தெரியவில்லை. மகள் ஃபோன் செய்தால் அவர் வலது காதில் வைத்துப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். இடது பக்கம் நின்று நான் எதையாவது சொன்னால் பதில் வராது. புருஷனுக்குப் பெண்டாட்டி பேசுவது கேட்காமல் போவது ஒரு நோய் என்று யார்தான் நினைப்பார்கள்?

கப்பல்காரர் வந்துபோன மறுநாள் என் கணவர் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். இந்த முறை விடுவதில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது. ஆம்ப்ளிஃபயரைத் திறந்து, தான் ஏற்கெனவே திருப்பிவைத்த திருகுகளைப் பழையபடி வைத்தார். மீட்டரில் இரண்டு பக்கமும் சமம். தட்டைப் போட்டுக் கேட்டார். இடது பக்கம் குறைவு.

"பார்த்தியா? மீட்டருக்குச் சமம், காதுக்குக் குறையுது. இதுக்குத்தான் நான் கூட்டி வச்சேன்."

"எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதாங்க கேக்குது."

"உன் இலாகா கண்ணு. இது என் இலாகா."

அவருடைய தொழிலில் ஒரு முறை உண்டு. ஒரு பக்கம் குறைந்தால் பின்னால் இருக்கும் ஒயர்களை இடம் மாற்றிச் செருக வேண்டும். பழுது மறுபக்கம் போய்விட்டால் கோளாறு ஆம்ப்ளிஃபயரில். அதே பக்கம் நின்றால் ஸ்பீக்கரில். 'பழுது எந்தப் பக்கம் போகுதுன்னு பாரு, அதுவே தன்னைக் காட்டிக் குடுத்துடும்' என்பார். ஒயர்களை மாற்றினார். பழுது நகரவில்லை. இடது பக்கத்திலேயே நின்றது.

அவருக்கு ஒரே சந்தோஷம். தன்னுடைய சொந்த ஸ்பீக்கர்தான் இத்தனை நாளும் தன்னை முட்டாளாக்கியிருக்கிறது. அதைக் கழற்றி, உள்ளே சத்தம் எழுப்புகிற சின்னக் கூம்பை மாற்றினார். பழுது போகவில்லை. சரி, ஸ்பீக்கர் பெட்டிகளையே இடம் மாற்றலாம் என்றார். இரண்டும் ஆள் உயரத்தில் பாதி. நான் ஒரு முனை, அவர் ஒரு முனை பிடித்து இழுத்தோம். இடது பெட்டி வலது பக்கமும் வலது பெட்டி இடது பக்கமும் போய் நின்றன. அப்படியும் இடது பக்கம்தான் குறைந்தது.

"அப்ப ரூம்தான்" என்றார். "இடது சுவர் சத்தத்தைக் குடிக்குது."

இடது சுவரை ஒட்டி இருந்தது என் துணி அலமாரி. அது கல்யாணத்துக்கு என் அண்ணன் செய்துகொடுத்தது. உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துக் கட்டிலில் குவித்தேன். அலமாரியை நகர்த்தினோம். பிறகு திரைச்சீலையைக் கழற்றினோம். பிறகு தரைவிரிப்பைச் சுருட்டினோம். ஒவ்வொன்றுக்கும் பிறகு அவர் ஓடிப்போய் நாற்காலியில் உட்காருவார், கேட்பார், உதட்டைப் பிதுக்குவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் சேலைகள் எல்லாம் கட்டிலில் மலையாகக் கிடக்க, முதுகு விண்விண் என்று தெறிக்க, நான் சுவரில் சாய்ந்து நின்றேன். ஒயரை மாற்றியாகிவிட்டது. பெட்டியை மாற்றியாகிவிட்டது. அறையைக் காலி செய்தாகிவிட்டது. இன்னும் இடம் மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது நாற்காலியில் உட்கார்ந்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தது.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

"ஏங்க, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருங்க."

"எதுக்கு?"

"முதுகைக் காட்டிட்டு உட்காருங்க. பழுது எந்தப் பக்கம் போகுதுன்னு பார்ப்போம்."

நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார் போல. அலுத்துக்கொண்டே நாற்காலியைத் திருப்பி, கதவைப் பார்த்து உட்கார்ந்தார். நான் தட்டில் ஊசியை வைத்தேன். அவர் செய்கிற மாதிரி நிதானமாக வைக்கத் தெரியாமல் ஒரு 'டக்' சத்தம் வந்தது. திட்டவில்லை. பாட்டு தொடங்கியது.

"இப்ப எந்தப் பக்கம் குறையுது?"

அவர் யோசிக்காமல் இடது கையைத் தூக்கினார். அந்தக் கைப்பக்கம் இப்போது இருந்தது மற்ற பெட்டி. இவ்வளவு நேரமும் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்ன பக்கம்.

கை அப்படியே நின்றது. அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாழ்நாள் முழுக்கப் பழுதைத் துரத்தியவர். மெதுவாகக் கையை இறக்கி, இடது காதைத் தொட்டு, பக்கத்தில் விரலைச் சொடுக்கிப் பார்த்தார். வலது பக்கம் சொடுக்கினார். மறுபடியும் இடது பக்கம். பிறகு எழுந்து போய் எல்லாவற்றையும் அணைத்தார். என் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்க ஆரம்பித்தார். அவர் என் அலமாரியைத் தொட்டதே அன்றைக்குத்தான். மடிப்பெல்லாம் தப்பாக இருந்தது. நான் அவர் அடுக்கியபடியே விட்டேன்.

ஆஸ்பத்திரி என்றதும் சளி என்றார், அழுக்கு அடைத்திருக்கும் என்றார், எண்ணெய் விட்டால் போய்விடும் என்றார். நான் விடவில்லை. கடையில் லீவு சொல்லிவிட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடிச் சன்னல் வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். உள்ளே போவதற்கு முன், "ஊகிச்சு அழுத்திடாதீங்க" என்று மட்டும் சொன்னேன். முறைத்துவிட்டுப் போனார்.

வலது காதுக்கு அவர் கட்டைவிரல் டக் டக்கென்று அழுத்தியது. பிறகு இடது காது. விரல் அசையவில்லை. வெளியே டாக்டர் அம்மா ஒரு குமிழைத் திருப்பி, இன்னும் திருப்பிச் சத்தத்தைக் கூட்டினார். அது என் கணவருக்குத் தெரியும், கண்ணாடிக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். டாக்டர் அம்மாவின் கை அசைகிற நேரம் பார்த்து அழுத்தியிருக்கலாம். என் கடைக்கு வருகிறவர்கள் அழுத்தியிருப்பார்கள். இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கேட்காததைக் கேட்டதாகச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். அந்த விரலைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

நரம்புக் கோளாறு, போனது திரும்பாது என்றார் டாக்டர். ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார்கள், பயப்படும்படி எதுவும் இல்லை. காதுக் கருவி வைத்தால் பேச்சு ஓரளவு புரியும், பாட்டு பழையபடி வராது.

"வலது?" என்று கேட்டார் என் கணவர்.

"வலது நல்லா இருக்குங்க."

"அது போதும்" என்று எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து அளவுக்கருவிகளை இறக்கினார். அலையாகக் கோடு ஓடுகிற திரை ஒன்று, தூசி படிந்து கிடந்தது. அதைத் துடைத்து மேசைக்கு நடுவில் வைத்தார். மீட்டரைக் கேலி செய்தவர் அன்றைக்குப் பூராவும் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கப்பல்காரரின் பெட்டியில் ஒவ்வொரு பாகமாக அளந்தார். பழையபடி வைத்த திருகுகளையும் மறுபடி அளந்தார். அடுத்த நாள் பல் டாக்டருக்கும் அச்சகக்காரருக்கும் ஃபோன் செய்து, செட்டைக் கொண்டுவாருங்கள், தப்பு என்னுடையது, காது போய்விட்டது என்று சொல்லத் தொடங்கினார். நான் ஓடிப்போய் ஃபோனைப் பிடுங்காத குறைதான்.

"சர்வீஸ்னு சொல்லி வாங்குங்களேன். ஊர் பூரா தண்டோரா போடணுமா?"

"எதுல பழுதுன்னு சொல்லாம நான் ஒரு செட்டையும் திருப்பிக் குடுத்ததில்ல. இந்தத் தடவ பழுது என்கிட்ட. அதையும் சொல்லித்தான் குடுப்பேன்."

"அப்புறம் யாரு வருவா?"

"வர்றவங்க வரட்டும். வேலை எனக்கு இன்னும் மறக்கல."

ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போன எனக்கே இப்போது பயமாக இருந்தது. கப்பல்காரர் வந்த அன்று நான் சமையலறையிலேயே இருந்துவிடப் பார்த்தேன். முடியவில்லை, பின்னறைக் கதவருகே போய் நின்றேன். என் கணவர் அவரைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். அதில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"எனக்கு இடது காது போயிடுச்சு. அது தெரியாம உங்க செட்டுல இடது பக்கத்தைக் கூட்டி வச்சுட்டேன். நீங்க சொன்னதுதான் சரி."

கப்பல்காரர் எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "இப்ப எப்படிப் பார்த்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"அளந்து பார்த்தேன். அளவுக்குச் சரி. பாட்டுக்குச் சரியான்னு நீங்கதான் சொல்லணும். ரெண்டு பக்கமும் ஒத்துப்போச்சுன்னா, பாடுறவங்க ரெண்டு பெட்டிக்கும் நடுவுல வந்து நிக்கிற மாதிரி கேக்கும். எங்க நிக்கிறாங்கன்னு கையைக் காட்டுங்க. என் முகத்துக்காகச் சொல்லாதீங்க."

ஊசியை வைத்தார். சத்தமில்லாமல் இறங்கியது. ஒரு பெண்குரல், பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல், தாழ்ந்த சுருதியில் பாட ஆரம்பித்தது. கப்பல்காரர் கண்களை மூடிக்கொண்டார். என் கணவர் பெட்டியைப் பார்க்கவில்லை, ஆடுகிற முள்ளைப் பார்க்கவில்லை. அந்த மனிதரின் மடியில் கிடந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் அடி முடிந்தது. கை அசையவில்லை. இரண்டாவது அடி பாதி போனபோது அது மெல்ல எழுந்தது, கொஞ்சம் இடப்பக்கம் போனது, தயங்கியது, திரும்பி வந்து இரண்டு பெட்டிகளுக்கும் இடையில் இருந்த வெறும் சுவரை நேராகக் காட்டிக்கொண்டு நின்றது. என் கணவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அந்த விரல் காட்டிய இடத்தைப் பார்த்தார். பிறகு, வலது காது அந்த இடத்துக்கு நேராக வரும்வரை, தலையை இடப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார்.