மர்ட்டில் லாயத்தில் இருக்கிறாள்

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஒரு கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் கட்டி ஆடும் இந்த விளையாட்டை ஆடுகிறவர்களிடம் எதை இழக்கப் பயம் என்று கேட்டுப் பாருங்கள். மந்திர வாள் என்பான் ஒருவன். மந்திரவாதி வேஷம் கட்டுகிறவன் தன் மந்திரப் புத்தகம் என்பான். வருஷக்கணக்காக ஆடி வளர்த்த பாத்திரமே செத்துப்போவதுதான் என்பார்கள் விவரமானவர்கள். எனக்கு ஒரு கோவேறு கழுதையைப் பற்றித்தான் பயம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன.

அதன் பெயர் மர்ட்டில். நான் ஆடும் குள்ளப் போர்வீரனுக்கு மூட்டை சுமக்க, கதைக்குள் ஒரு சந்தையில் வாங்கியது. காகிதத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். அப்போதெல்லாம் ஞாயிறு மதியம் அமெரிக்காவின் டுலூத் ஊரில் என் வீட்டில்தான் ஆட்டம். என் மனைவி ஆர்டித் ஆட மாட்டாள். "வளர்ந்த ஆளுங்க பண்ற வேலையா இது?" என்று கேட்டபடியே, சுடச்சுட வெந்த கறியும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து நாங்கள் வரைந்த வரைபடத்தின் மேலேயே வைப்பாள். ஒரு நாள் மர்ட்டிலைப் பாதாளக் குகைக்குள் இழுத்துப் போகிறேன் என்று நான் சொன்னபோது, வர முடியாது என்று சமையலறையிலிருந்து கழுதை பதில் சொன்னது. மேஜையே குலுங்கிச் சிரித்தது. அன்றிலிருந்து மர்ட்டிலுக்கு ஆர்டித்தான் குரல். எங்களில் ஒருவர் பகடையை இன்னொருவர் தொட்டால் கைகலப்பே வரும். அவள் மட்டும் கைக்கு எட்டியதை எடுத்து மர்ட்டிலுக்காக உருட்டுவாள், ஒருவரும் வாய் திறக்க மாட்டோம்.

அவள் போய் மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. ஆட்டம் சிக்னி வீட்டு நிலவறைக்கு மாறியது. அடுத்து என்ன நடக்கிறது என்று சொல்லிக் கதையை நடத்துவது சிக்னிதான். கதையில் நாங்கள் ஊர் ஊராகப் போனோம். எந்த ஊரானாலும் முதலில் ஒரு லாயம் தேடி மர்ட்டிலைக் கட்டிவிடுவேன். ஆட்டம் தொடங்கியதும், "மர்ட்டில் லாயத்துல இருக்கா" என்பேன். சிக்னி தலையாட்டுவாள். எங்கள் பழைய கூட்டாளி லெஸ்டர், தன் பாத்திரத்தை எழுதி வைத்திருக்கும் தாளைப் பார்ப்பான். லாயத்துக்குள் அம்பு வராது, டிராகன் வராது, பகடையும் உருளாது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது, அந்தக் கழுதைக்கு இன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொள்வேன். பைத்தியக்காரத்தனம்தான். அந்த வீட்டில் தனியாக இருந்து பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

இந்தப் பிப்ரவரியில் பிரிட்டா என்று ஒருத்தி புதிதாகச் சேர்ந்தாள். பல் ஆஸ்பத்திரியில் வேலை. கெட்டிக்காரி, ஆனால் வாய் கொஞ்சம் அதிகம்.

மூன்றாவது வாரம், கதையில் லெஸ்டர் ஆடும் பூசாரி மேல் விஷ அம்பு பாய்ந்தது. "நடக்க முடியாது" என்றாள் சிக்னி. "பொழுது சாயறதுக்குள்ள கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற மடத்துக்குக் கொண்டுபோகணும். இல்லேன்னா அவ்வளவுதான்."

"கழுதை இருக்கே!" என்றாள் பிரிட்டா. "வாராவாரம் லாயத்துல இருக்குன்னு சொல்றீங்களே, அதுல ஏத்திடலாம்."



"அது வராது" என்றேன்.

"ஏன், நொண்டியா?"

"வராதுன்னா வராது. உன் வேலையைப் பாரும்மா."

பிரிட்டாவின் முகம் சிவந்துவிட்டது. லெஸ்டர் தாடியைச் சொறிந்தான். "விடும்மா. என் பூசாரி போனா போறான். எனக்கும் அலுத்துப் போச்சு. அடுத்த வாரம் ஒரு திருடனை எழுதிட்டு வரேன்."

லெஸ்டருக்குப் பொய் சொல்ல வராது. பதினாலு வருஷமாக அந்தப் பூசாரியைத்தான் ஆடுகிறான். அழித்து அழித்து எழுதியதில் தாளில் ஓட்டை விழுந்து, பின்பக்கம் டேப் ஒட்டி வைத்திருந்தான். அந்தத் தாளை இப்போது நாலாக மடிக்கத் தொடங்கினான். எனக்காக. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"முட்டாப்பயலே, கீழ வைடா அதை" என்றேன். "மர்ட்டிலை அவிழ்க்கிறேன்."

சிக்னி என்னையே பார்த்தாள். "நிஜமாவா, ஆரின்? கணவாய் விளிம்பெல்லாம் பனி. பகடை பன்னெண்டுக்குக் குறைஞ்சா ரெண்டு பேரும் பள்ளத்துல. தப்பா விழுந்தா நான் மாத்திச் சொல்ல மாட்டேன்."

"தெரியும்."

மர்ட்டிலுக்காக நான் பகடை உருட்டியதே இல்லை. இருபது முகப் பகடையை எடுத்து வீசினேன். பகடை உருண்டு, லெஸ்டரின் காப்பிக் கோப்பையில் இடித்து நின்றது. பதினாலு.

பிரிட்டா எழுந்து நின்று கத்தினாள். லெஸ்டர் தாளை நீவி நேராக்கினான். 

"மடத்து வாசல்ல வந்து நின்னுட்டா" என்றாள் சிக்னி மெதுவாக. "உடம்பெல்லாம் பனி. மூச்சு வாங்குது. என்ன சொல்றா மர்ட்டில்?"

வாயைத் திறந்தேன். வந்தது என் குரல்தான், சளி பிடித்த கிழவன் குரல். இன்னொரு முறை முயன்றேன். அது வேறு யாருடைய கழுதையோ. ஆர்டித் எப்படிப் பேசுவாள்? மூக்காலா? தொண்டையாலா? அவள் சிரித்த முகம் தெரிந்தது, அந்தக் குரல் மட்டும் வரவில்லை. மூன்று வருஷம் ஒரு கீறல் படாமல் கட்டி வைத்திருந்தேன், கட்டிய இடத்திலேயே தொலைத்துவிட்டேன்.

"அப்படியில்லடா" என்றான் லெஸ்டர். நிமிர்ந்து பார்க்காமலே, கரகரத்த தொண்டையை மூக்குக்கு ஏற்றி இழுத்தான்: "யோவ், முதுகுன்னா என்ன சும்மாவா கிடக்குது? இறங்குய்யாஆ கீழ!"

அவளேதான். முப்பத்தொரு வருஷம் என்னோடு வாழ்ந்தவள், லெஸ்டரின் தாடிக்குள்ளிருந்து பேசினாள். அவன் மேல் எனக்கு வந்த பொறாமையைச் சொல்லி முடியாது. அழுகையும் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுடா."

சொன்னான். இன்னொரு தடவை கேட்டேன், அதற்கும் சொன்னான். பிறகு, "இப்ப நீ சொல்லு" என்றான். சொன்னேன். "ம்ஹூம். கடைசியில இன்னும் இழுக்கணும்." இழுத்தேன். "ஆங், கிட்ட வந்துட்ட" என்றான்.

வண்டியில் வீடு வரும்வரை விடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். சிக்னலில் பக்கத்துக் காரிலிருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். போய்யா என்று விட்டுவிட்டேன். வாசல் பனியை மிதித்து, சாவியைத் தேடி, கதவைத் திறந்து உள்ளே போய் நின்று, இருட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். மறுபடியும் என் குரல்தான்.

கோட்டைக்கூடக் கழற்றாமல் லெஸ்டருக்குப் போன் போட்டேன்.