முதலில் வந்த விண்ணப்பம்

வாடகைக்கு வீடு பிடித்துத் தரும் அந்த அலுவலகத்தில் அவளுக்குப் "புதுசு" என்று பெயர். சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அவளுக்குப் பிறகு யாரையும் வேலைக்கு எடுக்காததால் அந்தப் பட்டம் அவளை விட்டுப் போகவில்லை. சம்பளமும் பட்டத்துக்கு ஏற்றபடி புதுசாகவே இருந்தது. நாள் முழுக்க ஊராருக்கு வீடு காட்டிவிட்டு மாலையில் அவள் போய் ஏறுவது, நான்கு பேர் தங்கும் ஓர் அறையின் மேல்கட்டிலில். நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். குளியலறைக்கு வரிசை, கண்ணாடி பார்க்க வரிசை, கோபித்துக்கொண்டு தனியாக அழ வேண்டுமென்றால் அதற்கும் இடம் கிடையாது.

"எலி வளையானாலும் தனி வளை வேணும்டி. ஊருக்கே வீடு புடிச்சுக் குடுக்குற, உனக்கு ஒண்ணு புடிச்சுக்கத் தெரியலையா?" என்று அம்மா ஃபோனில் கேட்பாள். ஜன்னல் வைத்த ஓர் அறைக்கு மகளின் முழுச் சம்பளமும் போதாது என்பது அம்மாவுக்கு எங்கே தெரியப்போகிறது.

அப்படியிருக்கும்போதுதான் அந்த மூன்றாம் மாடி வீடு வந்தது. ஓர் அறை, ஒரு சமையலறை, இரண்டு ஜன்னல். உரிமையாளர் வயதானவர், ஊர் விலை தெரியாதவரோ, தெரிந்தும் பொருட்படுத்தாதவரோ, மற்றவர்கள் கேட்பதில் பாதி வாடகைதான் கேட்டார். ஏலம் போடுவதுபோல் ஆளுக்கு ஆள் ஏற்றிக் கேட்கக் கூடாது, முதலில் யார் வந்து கேட்கிறார்களோ அவர்களுக்கே கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் வந்தவள் ஒரு தையல்காரி. பக்கத்துத் துணிக்கடையில், வாங்கிய உடுப்பை அளவுக்குத் திருத்திக் கொடுக்கிற வேலை. கழுத்துப்பட்டியில் ஊசி குத்தியிருந்தது. அளவு நாடாவைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஓடிவந்திருந்தாள். கணவன் விட்டுப்போன பிறகு மகளோடு அண்ணன் வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். அண்ணி ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் பாத்திரம் பேசும் என்றாள். விண்ணப்பத்தை நிறுத்தி நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

புதுசு அந்தத் தாளை இழுப்பறையில், மற்றத் தாள்களின் கட்டுக்கு அடியில் வைத்தாள். பிறகு தன் பெயரில் ஒன்றை நிரப்பி முந்தின நாள் தேதியைப் போட்டாள். யோசித்துச் செய்ததாக அவளுக்கு நினைவில்லை. கை செய்தது, மனம் வேடிக்கை பார்த்தது. மேலாளர் கையெழுத்துப் போடும்போது தேதியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

குடிபோன முதல் வாரம், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அறை நடுவில் நின்று பார்த்தாள். எங்கேயும் இடிக்கவில்லை. அந்தச் சந்தோஷம் சனிக்கிழமை வரைதான்.

சனிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் தையலக்கா வந்தாள். அந்த வீடு போய்விட்டது என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது; வேறு ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றாள் புதுசு. மறு சனிக்கிழமையும் வந்தாள், அதற்கு மறு சனிக்கிழமையும். சாப்பிடாமல்தான் வருகிறாள் என்பது வற்றிய உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. ஒவ்வொரு முறையும் புதுசு கணினியில் தேடுவதுபோல் பாவனை செய்து, "இன்னும் இல்லக்கா" என்பாள். "பரவால்லம்மா, நீ என்ன பண்ணுவ" என்று அவளையே தேற்றிவிட்டுப் போவாள் அந்த அக்கா.

அந்த வார்த்தை சோற்றில் கல்லாய்க் கடித்தது. இருப்புக் கொள்ளாமல் ஒருநாள் மேலாளரிடம் போய் உண்மையைச் சொன்னாள். அவர் சிரித்தார். தானும் இப்படி எடுத்துக்கொண்ட ஒரு வீட்டில்தான் குடித்தனம் தொடங்கியதாகச் சொல்லி, போய் வேலையைப் பார்க்கச் சொன்னார். திட்டியிருந்தால் அவளுக்குப் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். வீட்டைத் திருப்பிக் கொடுக்கலாமென்று உரிமையாளரைத் தேடிப் போனாள். அவர் படுக்கையில் விழுந்துவிட, மகன் பொறுப்பெடுத்திருந்தான். நீங்கள் காலி செய்தால் அடுத்தவருக்கு வாடகை இரண்டு மடங்கு என்றான். அவள் விட்டாலும் அந்த அக்காவுக்குக் கிடைக்காது.

பதினோராவது சனிக்கிழமை தையலக்கா மகளோடு வந்தாள். பள்ளி இறுதி வகுப்பு. உட்கார்ந்ததும் மடியில் புத்தகத்தை விரித்துக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது அந்தப் பெண். இங்கேயா படிக்கிறாள் என்று புதுசு கேட்டதற்கு, அண்ணன் வீட்டு மாடிப்படியை விட இங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்றாள் தாய்.

புதுசு எழுந்து தையலக்காவை வெளியே தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனாள்.

"அக்கா, அந்த மூணாவது மாடி வீடு உங்களுக்கு வந்திருக்க வேண்டியது. நீங்கதான் முதல்ல வந்தீங்க. உங்க தாளை அடியில வச்சுட்டு நான் எடுத்துக்கிட்டேன்."

தையலக்கா கழுத்துப்பட்டி ஊசியைப் பிடுங்கி மறுபடி அங்கேயே குத்தினாள்.

"வீட்ட எடுத்தது போகட்டும். உனக்கும் எடம் இல்லாமத்தான எடுத்திருப்ப. ஆனா வாரா வாரம் என் மூஞ்சியப் பாத்து இல்ல இல்லன்னு சொன்னியே, அது எப்படி முடிஞ்சுது உனக்கு?"

தான் காலி செய்தால் வாடகை ஏறிவிடும் என்பதை மட்டும் புதுசு தட்டுத் தடுமாறிச் சொன்னாள். தையலக்கா அதைக் கேட்டு, தப்பாக வெட்டிய துணியில் என்ன தேறும் என்று பார்ப்பவள்போல் யோசித்தாள்.

"பரீட்சைக்கு மூணு மாசம் இருக்கு. எனக்கு ஒரு சாவி குடு. இவ பள்ளிக்கூடம் விட்டு வந்து எட்டு மணி வரைக்கும் அங்க படிக்கட்டும். நீ அதுக்கப்புறம் வா."

"சரிக்கா."

"அவகிட்ட ஒண்ணும் சொல்லக் கூடாது. உன் மனசு ஆறணும்னு அவ மனசக் கெடுக்காத."

புதுசு அதற்கும் தலையாட்டினாள்.

மூன்று மாதமும் புதுசு ஆறு மணிக்கு வேலை முடிந்து, எட்டு மணி வரை கடைத்தெருவில் கால் போன போக்கில் நடந்தாள். ஒருநாள் மழை. நனைந்துகொண்டு முன்னதாகவே வந்துவிட்டாள். அந்தப் பெண் பதறி எழுந்து, பரப்பியிருந்த நோட்டுகளை அள்ளிச் சேர்த்தது.

"மன்னிச்சிக்கங்கக்கா. உங்க வீட்டுல நான் வந்து எடத்த அடைச்சுக்கிட்டு..."

"நீ படி" என்றாள் புதுசு. சமையலறைக்குள் போய், அடுப்பைப் பற்றவைக்காமல் எட்டு மணி வரை நின்றுகொண்டிருந்தாள்.

பரீட்சை முடிந்தது. அதற்குள் நகரத்தின் ஓரத்தில், பேருந்து நின்று திரும்புகிற இடத்தில் ஒரு சின்ன வீடு பட்டியலுக்கு வந்தது. தையலக்காவின் தாளைப் புதுசே கையில் எடுத்துக்கொண்டு போய் உரிமையாளரைப் பார்த்து முடித்தாள். அங்கிருந்து துணிக்கடைக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். தையலக்கா மேலாளரிடம் கையெழுத்துப் போட்டு, மேலாளரிடமே ரசீது வாங்கிக்கொண்டு போனாள். புதுசின் மேசைப் பக்கம் திரும்பவில்லை.

சாவியைத் திருப்பிக் கொடுக்க அந்தப் பெண்தான் வந்தது. கையில் ஒரு திரைச்சீலை, ஜன்னல் அளவுக்குத் தைத்தது.

"அம்மா தைச்சாங்களா?" என்று ஆசையாகக் கேட்டாள் புதுசு.

"இல்லக்கா, நான்தான். அம்மா எதுக்கு இதெல்லாம்னாங்க. நீங்க பண்ணின உதவிக்கு வெறுங்கையோட வர எனக்கு மனசு வரல."

புதுசு வாயைத் திறந்தாள். கொடுத்த வாக்கு தடுத்தது. "நல்லா இரும்மா" என்று சொல்லித் திரைச்சீலையை வாங்கிக்கொண்டாள்.

அந்த வீட்டில்தான் அவள் இன்னும் இருக்கிறாள். வாடகை கட்டுப்படியாகிறது.