தொட்டிக்கு ஒரு கயிறு

1974 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை காலை, தூத்துக்குடி திரேஸ்புரம் கரையில் ஒரு வலைக் கொட்டகைக்குள், சங்கு குளிக்கும் ஜேசுபாதம் ஐஸ் கலந்த கடல்நீர்த் தொட்டியில் மூன்றாம் தடவையாக முகத்தை அமிழ்த்தினான்.

அவனுடைய இடது மணிக்கட்டு கல்லூரி விலங்கியல் விரிவுரையாளர் கிருபாநிதியின் விரல்களுக்குள் இருந்தது, வலது மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவன் மச்சான் சந்தியாகுவின் கையில்... முழங்காலளவுகூட இல்லாத தொட்டிக்குக் கயிறா என்று கிருபாநிதிக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் கயிறில்லாமல் தலையைத் தண்ணீருக்குள் விடமாட்டேன் என்று ஜேசுபாதம் சொல்லிவிட்டான், இவர்கள் கட்டுப்பாடு அது, பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் கயிறு பிடிக்க வேண்டும், தங்கச்சி தாலியை நினைத்தாவது விடமாட்டானாம், கீழே இருப்பவன் இழுத்தால்தான் தூக்க வேண்டும், முன்னதாகத் தூக்கினால் குளித்தவனுக்கு அவமானம். போன பருவத்தில் சந்தியாகு பயந்துபோய் ஒருமுறை தூக்கிவிட, ஜேசுபாதம் அதைச் சொல்லிச் சொல்லியே கரை முழுக்கச் சிரிக்க வைத்திருக்கிறான். இன்றைக்கும் அதே பேச்சுதான்.

"ஏலே மச்சான், இது தொட்டி. இங்கனயும் அவசரப்பட்டுத் தூக்கிராத, ஒன் தங்கச்சி பிளாரன்ஸ் சிரிப்பா."

"நீ உள்ள போ மாப்ள. நீயா இழுக்காம நான் தொடுதேனான்னு பாரு."

நாடி தணிந்துகொண்டே வந்தது, என்ன அழகு இது, நெற்றியிலும் மூக்கிலும் குளிர்ந்த நீர் பட்டதும் முகத்து நரம்பு மூளைத் தண்டுக்குச் சொல்கிறது, அங்கிருந்து வேகஸ் நரம்பு இறங்கி வந்து இதயத்தைக் கடிவாளம் போட்டு இழுத்துப் பிடிக்கிறது, இத்தனை வருஷமாகத் தவளையில் காட்டியது... நெஞ்சைப் பிளந்த தவளை, நரம்பில் மின்கம்பி பட்டதும் இதயம் நிற்கும், மாணவிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அப்புறம் கம்பியை எடுக்காமலே அது தானாகத் துடிக்கத் தொடங்கும், தப்பிப்பு என்று புத்தகத்தில் அதற்குப் பெயர். தவளையை எத்தனை நாள் காட்டுவது? பெங்களூர் மாநாட்டில் தவளையை யார் கேட்கப் போகிறார்கள்? இது திறக்காத நெஞ்சு, மனித நெஞ்சு, முதல் இரண்டு தடவையும் சீக்கிரமே இழுத்துவிட்டான், இன்னும் கொஞ்சம் தாங்குவாய் என்று நினைத்தேன் என்று அவர் சொன்னார், அவ்வளவுதான் சொன்னார், அது போதுமாயிருந்தது, "தாங்குவேன் சார்" என்றான், முங்குவதற்கு முன்னால் ஆழமாக மூச்சை இழுத்து இழுத்து விடு என்றதும் அவர்தான், அப்படிச் செய்தால் மூச்சுத் தவிப்பு தாமதமாகத்தான் வரும். பாவம், காது ஜவ்வு கிழிந்தவன், கடலை விட்டுவிட்டுக் கல்லூரியில் அட்டெண்டராகச் சேர ஆசை, சொல்லிப் பார்க்கிறேன் என்றுதான் அவர் சொல்லியிருந்தார், வாங்கித் தருகிறேன் என்று சொல்லவில்லை, இரண்டும் ஒன்றில்லையே...

ஐஸ் தண்ணீர் வழிந்து விரல்கள் மரத்துப்போயின, மணிக்கட்டு வழுக்கியது, பிடியை மாற்றிக்கொண்டு அழுத்தினார், நாடி எங்கே, இருக்கிறதா, ஒன்று... வெகுநேரம் கழித்து இன்னொன்று... ஜேசுபாதத்தின் தோள் தொட்டி விளிம்பில் சாய்ந்தது, எவ்வளவு அமைதி, கடிவாளம் முழுதாக இறுகியிருக்கிறது, அவருக்குத் தன் நெஞ்சு படபடவென்று அடிப்பது காதுவரை கேட்டது, அது இதயத்தை முடுக்கிவிடும் பரிவு நரம்பு, சந்தோஷத்திலும் அடிக்கும், பயத்திலும் அடிக்கும், இது சந்தோஷம்தான்... சந்தியாகு கயிற்றைப் பார்த்தான், அது தொய்ந்து கிடந்தது, அவரைப் பார்த்தான்.

"சார், தோளு தொவண்டாப்ல இருக்கு. இன்னும் இழுக்கல."

விரலுக்கடியில் அப்போதுதான் அது வந்தது, சட்டென்று, வேகமாக, துடிப்பின்மேல் துடிப்பாக, தவளையைப் போலவே, வேகஸின் பிடியிலிருந்து தப்பித்துவிட்டது, மனித இதயமும் தப்பிக்கிறது, இதை யார் பார்த்திருக்கிறார்கள்...

"நாடி ஓடுது. நல்லா ஓடுது, விடு."

சந்தியாகு தூக்காமல் விட்டான். சொன்னவர் படித்தவர், கயிறோ இழுபடவில்லை, தூக்கு என்று சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? அவன் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றான், அவர் தன் விரலையே கவனித்துக்கொண்டிருந்தார், நடுவில் ஜேசுபாதத்தின் தலைமயிர் தண்ணீரில் மெல்ல விரிந்து மிதந்தது.

கடைசியில் தூக்கியது சந்தியாகுதான், கயிற்றைப் போட்டுவிட்டு, மயிரைப் பிடித்து. உதடு நீலம் பாரித்திருந்தது, மூக்கிலிருந்து தண்ணீர் வழிந்தது. "மாப்ள, இழுக்கலியேல நீ... ஏன்ல இழுக்கல," என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டுக்கொண்டு அவனை உலுக்கினான். கிருபாநிதி இன்னும் மணிக்கட்டை விடவில்லை, நாடி ஓடிக்கொண்டேதான் இருந்தது, முன்னைவிட வேகமாக, இவ்வளவு வேகமாக ஓடுகிறவன் ஏன் மூச்சு விடவில்லை... குனிந்து பார்த்தார். அழுத்திக்கொண்டிருந்தது கட்டைவிரல். கட்டைவிரலால் நாடி பார்க்காதீர்கள், அதற்குள்ளேயே ஒரு நாடி ஓடுகிறது, உங்களுடையதையே எண்ணிக்கொண்டிருப்பீர்கள், ஒவ்வொரு ஜூலையிலும் முதல் வகுப்பில் அவர் சொல்வது, சிரிப்பார்கள். எப்போது மாற்றினேன், தோள் சாய்வதற்கு முன்பா, பின்பா? அந்த ஒன்று, வெகுநேரம் கழித்து வந்த இன்னொன்று, அவையாவது அவனுடையவையா?

குதிரை வண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் ஜேசுபாதம் இறந்திருந்தான். அந்தப் பருவத்தில் சந்தியாகுவிடம் யாரும் கயிறு கொடுக்கவில்லை. ஜூனில் கயத்தாற்றிலிருந்து ஒருவர் கல்லூரியில் அட்டெண்டர் வேலையில் சேர்ந்தார்.